ஆட்டின் முட்டி எங்கே இருக்கிறது?

கேள்வி: தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். படம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ‘2’ போட்டு வாத்து, நாலு குச்சி வைத்து மாடு என்று ஒரே மாதிரி வரைகிறார்கள். விலங்குகளை நேரில் பார்த்து வரையப் பழக்க ஆசை. ஆனால் எனக்கே வரைய வராது. எப்படித் தொடங்குவது?
- ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வரைய வராதது ஒருவகையில் நல்லதுதான் டீச்சர். வரையத் தெரிந்தவர் கரும்பலகையில் ஓர் ஆட்டைப் போட்டுவிடுவார். முப்பது நோட்டிலும் அதே ஆடு வந்து நிற்கும்.

பள்ளிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் வெள்ளாடு ஒன்று போதும். அது படுத்து அசைபோடும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. கேள்வி மட்டும் கேளுங்கள். காது கொம்புக்கு மேலேயா, கீழேயா? வால் தூக்கி நிற்கிறதா, செம்மறிக்குப் போலத் தொங்குகிறதா? கண்ணின் பாப்பா என்ன வடிவம்? வட்டப் பொட்டு வைத்தே பழகிய பிள்ளைகள், அது குறுக்காக நீண்டு கிடப்பதைப் பார்த்ததும் அசந்துபோவார்கள்.

அப்புறம் ஆட்டை எழுப்பி நிறுத்துங்கள். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தும் மடிப்பைக் காட்டி “இது என்ன?” என்றால், “முட்டி” என்பார்கள். அது குதிகால்! முட்டி அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. ஆடு விரல் நுனியில்தான் நடக்கிறது. பிள்ளைகளையும் குதிகாலைத் தூக்கி நாலடி நடக்கச் சொல்லுங்கள். குச்சிக் கால் போய், அடுத்த படத்தில் அந்த மடிப்பு தானாக எட்டிப்பார்க்கும். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். அதன் படம் கிடைத்தால் காட்டுங்கள். மான் சொறிவதை உட்கார்ந்து பார்த்த ஆள்தான் அதைச் செதுக்கியிருக்க முடியும்.

பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் போன காண்டாமிருகத்தை, ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1515-இல் வரைந்தார். கையில் இருந்தது யாரோ எழுதிய குறிப்பும் ஒரு கோட்டுப்படமும்தான். கழுத்துக்குப் பின்னால் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்று முளைத்துவிட்டது! அந்தத் தப்பைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

சரி, வரையும்போது? கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் தலையின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். உடம்பில் அது எத்தனை முறை போகிறது என்று எண்ணினால், பூசணித் தலை ஆடுகள் குறையும். உடம்பை ஒரு நீள்வட்டமாக லேசாகப் போட்டுவிட்டு, கழுத்தையும் கால்களையும் பிறகு சேர்க்கலாம். நிழல் அடிப்பதெல்லாம் இப்போது வேண்டாம். கோழி ஓரிடத்தில் நிற்காது. அதற்கு ஒரே தாளில் ஐந்து படம், ஒன்றுக்கு ஒரு நிமிடம். அந்த வகுப்பு முடியும்வரை ரப்பர்கள் எல்லாம் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

இன்னொன்று. வரைந்த தாள்களை ஆட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். என் வகுப்பில் ஒருமுறை, இருந்ததிலேயே நல்ல படத்தை அது தின்றுவிட்டது.