கிதார் கையில், பேஸ் காலில்

கேள்வி: கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் சிறிய மெல்லிசைக் குழு எங்களுடையது. பேஸ் கிதாருக்கு ஆள் இல்லை. கிதார் வாசிப்பவரே காலால் மிதித்து பேஸும் ஸ்ட்ரிங்ஸும் கொடுக்க முடியுமா? 'மிடி இன்' (வெளியிலிருந்து சுரக் கட்டளை வாங்கும் சாக்கெட்) உள்ள பழைய கீபோர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. பெடல் போர்டு வாங்க வசதி இல்லை.
வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாக முடியும். அந்தக் கீபோர்டே உங்கள் சிந்த், அதாவது ஒலி தரும் சிந்தசைசர். அதைக் காலால் இயக்கும் பெட்டியை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

பெடல் போர்டில் இருப்பதுபோல் 13 சுரமும் வேண்டாம். நின்று வாசிப்பவருக்கு மிச்சம் ஒரு கால்தான். ஏ, சி, டி, ஈ, எஃப், ஜி என ஆறு ஸ்விட்ச் வையுங்கள். இந்தச் சுரங்களுக்கு மிடி கட்டளையில் அனுப்பும் எண்கள் 33, 36, 38, 40, 41, 43. ஏ மைனர், சி மேஜர் பாட்டுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். இன்னும் இரண்டு ஸ்விட்ச் சுருதியை ஏற்ற, இறக்க. பாடகர் அரைக் கட்டை ஏற்றச் சொன்னால் ஒரு மிதி. மூன்று கட்டைக்கு அடுத்தது மட்டும் நேராக நாலு, மூன்றரை கிடையாது.

வாங்க வேண்டியவை: 5 வோல்ட் ப்ரோ மைக்ரோ போர்டு (ஆர்டுயினோ வகை, புரோகிராம் எழுதி ஏற்றும் சிறிய போர்டு) ஒன்று, மிதிக்கும்போது மட்டும் இணையும் மோமென்டரி ஃபுட் ஸ்விட்ச் எட்டு, 220 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஐந்து கால் மிடி சாக்கெட் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மிதித்தால் அப்படியே நிற்கும் லாச்சிங் ஸ்விட்சை எடுத்துவிடாதீர்கள்.

ஸ்விட்சின் ஒரு கால் கிரவுண்டுக்கு, மறுகால் போர்டில் தனித்தனி பின்னுக்கு. புரோகிராமில் 'இன்புட் புல்லப்' போட்டால் அதற்கு வேறு ரெசிஸ்டர் தேவையில்லை. போர்டின் டிஎக்ஸ் பின் (கட்டளை வெளியேறுவது) ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சாக்கெட்டின் 5-க்கு, விசிசி (5 வோல்ட்) இன்னொன்றின் வழியாக 4-க்கு, கிரவுண்ட் 2-க்கு. சாக்கெட்டில் கால்கள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் இருக்கும். தவறு நேர்வது இங்கேதான். 4-ம் 5-ம் இடம் மாறினால் சத்தமே வராது.

புரோகிராமை இப்படி எழுதுங்கள்: ஒரு மிதியில் சுரம் பிடித்து நிற்கட்டும். வேறு ஸ்விட்சை மிதித்தால் பழையது நின்று புதியது ஒலிக்கட்டும். அதையே மறுபடி மிதித்தால் ஓயட்டும். நிறுத்தும்போது, முதலில் அனுப்பிய அதே எண்ணை அனுப்புங்கள். நடுவில் சுருதி மாற்றியிருந்தால் புது எண்ணுக்கு நிறுத்தம் போய், பழைய சுரம் பாட்டு முடிந்தும் ரீங்காரமிடும். ஸ்விட்ச் துள்ளி இரண்டு தடவை அடிக்காமலிருக்க 20 மில்லி செகண்ட் இடைவெளி கொடுங்கள்.

சேனல் 1-இல் சிந்த் பேஸ், 2-இல் சுர எண்ணோடு 12 கூட்டி (ஒரு ஸ்தாயி மேலே) ஸ்ட்ரிங்ஸ். ஜெனரல் மிடி என்ற பொது ஒலிப் பட்டியலில் 39, 49 என்றிருப்பவற்றுக்கு 38, 48 அனுப்ப வேண்டும். மிடி எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 'ஃபிங்கர் பேஸ்' ஒலியைத் தேர்ந்தெடுத்தால் சுரம் நீடிக்காமல் தேய்ந்துவிடும்.

கோயில் மேடையில் வெறுங்காலோடு நிற்பீர்கள். ஸ்விட்ச் தலைக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஒன்றுக்கொன்று 9 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பெருவிரல் பக்கத்து ஸ்விட்சைத் தொடும். மின்சாரத்துக்கு மொபைல் சார்ஜர் போதும். பவர் பேங்க் சில, இவ்வளவு சிறிய லோடைக் கண்டு தானே அணைந்துவிடும்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓடும்போது கீபோர்டு லைனில் உர்ரென்று இரைச்சல். ப்ளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் நிற்குமாமே?
வாசகர், திருவாரூர்

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிப்பவர் உயிருக்கு ஆபத்து. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை மிக்சருக்கு ஏற்ப மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அதிலுள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைத் தட்டுங்கள். டிஐ-யிலிருந்து மிக்சர் வரை எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின்) கேபிள். கீபோர்டிலிருந்து டிஐ வரை மூன்று மீட்டருக்குள் சாதாரண கேபிள்.