சிஸ்டரிடம் கேளுங்கள்: அரை இட்லிக்கு 20 நிமிஷம்

போன இதழில் எனக்கு நடந்த எடை குறைப்பு ஆபரேஷனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் டாக்டர் இல்லை. 26 வருஷம் சர்ஜரி வார்டில் நின்ற நர்ஸ். 2018-ல் நானே நோயாளியாகப் படுத்தேன். அன்றைக்கு 121 கிலோ. நடுவில் 76 வரை இறங்கி, இப்போது 83-ல் நிற்கிறேன். மருந்து, மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

கேள்வி: சிஸ்டர், எனக்கு வயது 38. ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) முடிந்து மூன்றரை மாதம். 22 கிலோ குறைந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் பாராட்டுகிறார்கள், எனக்கோ அழுகையாக வருகிறது. போன வாரம் தங்கை வளைகாப்பில் கலந்த சாதம் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தப்புப் பண்ணிவிட்டேனா? – பெயர் வேண்டாம், கொளத்தூர்

தங்கச்சி, முதலில் முடியை முடித்துவிடலாம், அது சுலபம். பெரிய ஆபரேஷன், வேகமான எடைக் குறைவு என்றால் உடம்பு முடியை இரண்டாம் பட்சமாக்கிவிடும். மூன்றாவது மாதவாக்கில் கொட்ட ஆரம்பித்து, சில மாதங்களில் தானாக நிற்கும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால்தான் இழுத்தடிக்கும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18. எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

அழுகைக்கு வருவோம். நைட் டியூட்டி முடிந்து லஸ் கார்னரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு ஓட்டல். ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. 15 வருஷம் அப்படி. அந்த அரைமணி நேரம் யாரும் என்னை ‘சிஸ்டர்’ என்றும் கூப்பிட மாட்டார்கள், ‘அம்மா’ என்றும் கூப்பிட மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து அதே கடைக்குப் போய் ஒரே ஒரு இட்லி கேட்டேன். சட்னியில் தொட்டு, சுண்டைக்காய் அளவு கிள்ளி, மென்று, காத்திருந்து, அரை இட்லிக்கு 20 நிமிஷம் ஆனது. சர்வர் இரண்டு தடவை வந்து, “நல்லா இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மீதி அரை இட்லி சாம்பாரில் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நானும் அழுதேன். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுப்பார்கள் என்று வார்டில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! கூடவே என் அரைமணி நேரமும் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

வெட்டி எடுக்கிற பகுதியில்தான் பசியைத் தூண்டும் ஹார்மோன் நிறையச் சுரக்கிறது. அதனால்தான் உங்களுக்கு முன்போலப் பசி இல்லை. ஆனால் நாம் பசிக்கு மட்டுமா சாப்பிட்டோம்? கோபத்துக்குச் சாப்பிட்டோம், அலுப்புக்குச் சாப்பிட்டோம், தங்கையோடு ஒரே தட்டில் புளியோதரை சாப்பிட்டோம். அது போனதற்கு அழுவது துக்கம்தான். தப்புப் பண்ணியதற்கு அடையாளம் இல்லை. பாராட்டுகிறவர்கள் முன்னால் சிரித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

உடம்பும் காரணமாக இருக்கலாம். பி12, இரும்பு, வைட்டமின் டி, தைராய்டு பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படியே இருந்தால், தூக்கம் போனால், இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றினால், மனநல டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் நடந்ததை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சில மாத்திரைகளின் அளவு மாறலாம். ராத்திரி 2 மணிக்குத் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம்.

அடுத்த விசேஷத்துக்கு இலையில் உட்காராதீர்கள். இலையில் மிச்சம் வைத்தால் ஊரே பஞ்சாயத்துக்கு வரும். சின்னத் தட்டில் முதலில் சுண்டல், அப்புறம் ஒரு ஸ்பூன் புளியோதரை, தங்கை பக்கத்தில். நான் இப்போது விடிகாலையில் கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றுகிறேன். பூக்கடைக்காரர்கள் சாக்குப் பையை அவிழ்க்கிற நேரம், யாரும் கூப்பிட மாட்டார்கள். இட்லிக் கடை அளவுக்கு இல்லைதான்.

கேள்வி: மனைவிக்கு ஆபரேஷன் ஆகி 12 நாள். உடம்பு தேற வேண்டும் என்று அம்மா டம்ளர் டம்ளராகக் கஞ்சி கொடுக்கிறார். இரண்டு நாளாக வாந்தி. வேண்டாம் என்றால் அம்மா முகம் வாடுகிறது. – வேளச்சேரி வாசகர்

தம்பி, இதைப் படிக்கும் வரைக்கும் நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்குப் போன வாரமே பதில் போட்டுவிட்டேன்: வாந்தியை சர்ஜனிடம் அன்றே சொல்ல வேண்டும். தண்ணீர்கூட நிற்கவில்லை, காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடித் துடிப்பு 120-க்கு மேல், வயிற்றுவலி ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது, கெண்டைக்காலில் வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் நேரே போய்விடுங்கள். வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் பி1 சத்து தீர்ந்து நரம்பைத் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் அவசரம்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்று மீதியை எழுதுகிறேன். வீட்டில் பாலாடை இருக்குமே, குழந்தைக்குப் பால் புகட்டுவது? அதை எடுக்கச் சொல்லுங்கள் அம்மாவிடம். இப்போதைக்கு மருமகளின் வயிற்றுக்கு அதுதான் அளவு. ஒரு வாய், ஒரு நிமிஷம், அடுத்த வாய். இப்படியே நாள் பூராவும் சேர்த்து ஒன்றரை லிட்டரை எட்டப் பார்க்க வேண்டும். கஞ்சி மாவுச்சத்துதான். பருப்புத் தண்ணீரிலும் தண்ணீர்தான் அதிகம். டாக்டர் எழுதிய புரதப் பொடியை மோரிலோ பாலிலோ கலக்குங்கள். பொதுவாக முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், அப்புறம் மசித்தது, ஒரு மாதம் போனதும் குழைவான இட்லி, இரண்டு மாதத்தில் ஏறக்குறைய வீட்டுச் சாப்பாடு. உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள்தான் சரி. திட உணவு வந்தபின் சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரைமணி நேரம் இடைவெளி வேண்டும். வலி என்று கடையில் புரூஃபன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை பாலாடை என்று அவரே எழுதட்டும். பரிமாறியே பழகிய கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

கேள்வி: வயது 29. பத்து மாதத்தில் 41 கிலோ குறைந்தேன். கண்ணாடியில் இன்னும் குண்டாகத்தான் தெரிகிறேன், வயிற்றுத் தோலும் தொங்குகிறது. பெண் பார்க்கிறார்கள். ஆபரேஷனைச் சொல்ல வேண்டுமா? – தாம்பரம் வாசகர்

பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம். ஆயுளுக்கும் சத்து மாத்திரை, கையளவு சாப்பாடு. கல்யாணமான மூன்றாம் நாள் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்தால் மரியாதை. தோலுக்கு ஏதாவது செய்வதற்கு முன்னால் எடை ஒரு நிலைக்கு வரும்வரை, எப்படியும் ஒன்றரை வருஷம், பொறுங்கள். நண்பர்கள் பார்ட்டி என்று ஊற்றுவார்கள். போதை முன்னைவிட வேகமாக ஏறும், ஜாக்கிரதை.

கண்ணாடிக்கு என்ன சொல்ல? 35 கிலோ குறைந்த பிறகும் மின்சார ரயிலில் நான் நின்றுகொண்டேதான் போவேன். ஒருநாள் மாம்பலத்தில் ஏறிய கீரைக்கார அம்மா, “இம்மாம் இடம் இருக்கு, யாருக்கு வெச்சிருக்கே?” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்து பார்த்தால், பக்கத்தில் அவர் கூடைக்கும் இடம் இருந்தது.

கேள்வி: பைபாஸ் முறையில் (இரைப்பையைச் சின்னதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) எடை குறைப்பு ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். டாக்டர் ஒன்றரை வருஷம் குழந்தை வேண்டாம் என்கிறார். மாமியார் அவசரப்படுத்துகிறார். – அம்பத்தூர் வாசகி

டாக்டர் சொல்வதுதான் சரி. எடை இறங்குகிற காலத்தில் உங்களுக்கே சத்துப் போதாது. எடை குறைந்தால் கரு சீக்கிரம் தங்கும், அதனால் கவனம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், காப்பர் டி மாதிரி வேறு வழி கேளுங்கள். பின்னால் கர்ப்பமானதும் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அது படபடப்பு, வியர்வை, மயக்கம் என்று படுத்திவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாமியாரை அடுத்த செக்கப்புக்குக் கூடவே கூட்டிப் போங்கள். அவரையே டாக்டரிடம் கேட்க விடுங்கள்.