ஐந்தெழுத்தா, ஏழெழுத்தா? வேர்டில், ஸ்கிராபிள் கேள்வி பதில்

ஆங்கிலச் சொல்விளையாட்டுகளில் கையில் இருக்கிற எழுத்தை வைத்துச் சொல்லைப் பிடிப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். வேர்டிலில் மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். வரிக்கு ஒரு சொல் போட்டதும், எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல் நிறம் வரும். ஸ்கிராபிளில் கையில் இருக்கும் ஏழு எழுத்துக் கட்டைகளைப் பலகையில் சொல்லாக வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கில எழுத்துகள் 'டி' ஆகிவிடுகின்றன. குழப்பம் வரும் இடத்தில் 'டைகர் டி', 'டாக் டி' என்று பிரித்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வேர்டிலில் தினமும் 'அடியூ'வில்தான் (ஏ-டி-ஐ-இ-யூ) தொடங்குகிறேன். நாலு உயிரெழுத்து ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஐந்தாவது, ஆறாவது வரிவரை இழுக்கிறதே, ஏன்?

பதில்: ஏ, இ இரண்டும் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது ஆர், எஸ், எல், என், டைகர் டி போன்ற மெய்யெழுத்துகள்தான். அடியூவில் மெய் என்று இருப்பது ஒரே ஒரு டாக் டி. அதனால் இரண்டாவது வரியில்தான் உங்கள் ஆட்டமே தொடங்குகிறது. 'ஸ்லேட்' போட்டுவிட்டு அடுத்து 'ஐரனி' போட்டுப் பாருங்கள். பத்தும் வேறு வேறு எழுத்து. உயிரில் யூ ஒன்றுதான் பாக்கி, ஒய்யும் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐ-ஜி-எச்-டி நாலும் பச்சை. முதல் எழுத்து மட்டும் இல்லை. லைட், நைட், மைட், சைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, விடாமல் ஜெயித்து வந்த தொடர் போய்விட்டது மேடம்.

பதில்: இந்தப் பள்ளத்தில் விழாதவர்களே கிடையாது. நாலு பச்சை வந்ததும் கை தானாக அடுத்த சொல்லைத் தட்டிவிடுகிறது, அங்கேதான் நிறுத்த வேண்டும். ஃபைட், லைட், மைட், சைட் நாலுக்கும் முதல் எழுத்து எஃப், எல், எம், எஸ். நாலும் சேர்ந்து வருகிற சொல் ஒன்று இருக்கிறது: 'ஃபில்ம்ஸ்'. விடை அதுவாக இருக்காது என்று தெரிந்தே போடுங்கள். நாலில் எது நிறம் மாறுகிறதோ அதுதான் உங்கள் முதல் எழுத்து. எதுவுமே மாறாவிட்டால் பெரும்பாலும் நைட், ரைட், டைட், எய்ட்தான் மிச்சம். பாட்ச், கேட்ச், மேட்ச், வாட்ச் வகைக்கும் இதே வழிதான். ஆனால் 'ஹார்டு மோடு' வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய முடியாது, கிடைத்த எழுத்தையெல்லாம் அடுத்த வரியிலும் போட்டாக வேண்டும்.

கேள்வி: ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லைப் போட்டேன். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல். எழுத்து இருக்கிறதா, இல்லையா?

பதில்: இருக்கிறது, ஒன்றே ஒன்று. விடை 'லெமன்', நீங்கள் 'ஹலோ' போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ பச்சை, முதல் எல் மஞ்சள், இரண்டாவது எல் சாம்பல், ஓ மஞ்சள். அந்தச் சாம்பலைப் பார்த்து எல் என்ற எழுத்தையே ஒதுக்கிவிடுவதுதான் நிறையப் பேர் தோற்கும் இடம்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு அக்கா. ஐந்தெழுத்துச் சொல் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வேர்டில் 2021-இல் பொதுவில் வந்தபோது விடைப் பட்டியலில் மட்டும் சுமார் 2,300 சொற்கள் இருந்தன. நாம் போட அனுமதித்தவை பத்தாயிரத்துக்கும் மேல். அதற்குப் பதிலாக, எந்த எழுத்து எங்கே உட்காரும் என்று பழகு. உதாரணத்துக்கு, வி ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வருவது மிக அபூர்வம். ஒரு காலத்தில் யூவும் வியும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்களாகத்தான் இருந்தன. கடைசியில் வந்தால் எது என்று குழம்பும் என்பதால் பின்னால் ஒரு இ ஒட்டினார்கள். 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' எல்லாவற்றிலும் அந்த இ நிற்பது அதனால்தான். ஆகவே வி மஞ்சளாக வந்தால் 'சால்வ்', 'கர்வ்', 'டிரைவ்' மாதிரி வி-இ முடிவை முதலில் யோசி. இப்படி ஒரு பழக்கம் தெரிந்தால் நூறு சொல் தெரிந்த மாதிரி.

கேள்வி: க்யூவுக்கு அப்புறம் யூ கட்டாயம் வருமா?

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'குவீன்' என்ற சொல்லை சி-டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066-க்குப் பிறகு நார்மன் ஆட்சியில் பிரெஞ்சு முறை வந்து க்யூ-யூ ஆனது. அரபி வழியாக வந்த சொற்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை: ஃபகீர், நிகாப், தலாக், ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயான கனாத். நாலும் ஐந்தெழுத்துதான். ஸ்கிராபிளில் யூ கிடைக்காமல் க்யூ கையில் தங்கிவிட்டால் க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல் காப்பாற்றும். சீனத்தில் உயிராற்றலைக் குறிக்கும் 'ச்சீ' அது.

கேள்வி: ஏ, இ, ஐ, ஓ, யூ எதுவுமே இல்லாத சொற்கள்?

பதில்: ரிதம் (ஆறெழுத்து), நிம்ஃப், கிரிப்ட். ஒய்தான் அங்கே உயிரெழுத்து வேலை பார்க்கிறது. மூன்றுமே கிரேக்க வேர்.

கேள்வி: ஸ்கிராபிளில் எஸ் நாலே நாலு கட்டைதான். ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பதில்: வேண்டுமென்றே செய்தது. ஆட்டத்தை 1930-களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரெட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். இன்றைக்கும் 100 கட்டையில் இ மட்டும் 12. எஸ் தாராளமாக இருந்தால் எல்லோரும் பன்மை ஆக்கியே புள்ளி சேர்த்துவிடுவார்கள் என்று குறைத்துவிட்டார். எஸ்ஸைச் சில்லறைப் புள்ளிக்குச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ஏழு கட்டையையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்கிறார்கள். எனக்கு ஒருமுறைகூட அமையவில்லை மேடம்.

பதில்: ஏழெழுத்துச் சொல்லைத் தேடாதீர்கள், ஆறெழுத்தைச் சேர்த்து வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'ரெட்டினா'. இந்த ஆறும் கையில் இருக்கும்போது சி வந்தால் 'சர்ட்டன்', ஜி வந்தால் 'கிரானைட்', எம் வந்தால் 'மினரெட்', எல் வந்தால் 'ரிலையன்ட்', டாக் டி வந்தால் 'டிரெயின்ட்', பென்னுக்கு வரும் பி வந்தால் 'பெயின்டர்'. எஸ் வந்தால் 'ரீட்டெயின்ஸ்', 'நாஸ்டியர்' என்று ஒன்றுக்கு மேல் அமையும். வீட்டில் ஆறு கட்டையை மேசையில் வைத்து, ஏழாவதை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரம் கலைத்துப் பாருங்கள். அப்புறம் பலகைக்கு முன்னால் உட்காரும்போது கண் தானாகப் பிடிக்கும். வைப்பதற்குப் பலகையில் இடம் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம்ம பக்கத்துச் சொல் ஏதாவது ஐந்தெழுத்தில் உண்டா?

பதில்: கறி, மாங்காய், வெற்றிலை, கொப்பரை. தமிழ், மலையாள வேரிலிருந்து ஐரோப்பியர் வழியாகப் போய் கர்ரி, மேங்கோ, பீட்டல், கோப்ரா ஆயின. நாலும் சரியாக ஐந்தெழுத்து. கர்ரியில் ஆர் இரண்டு.