லைசென்ஸில் பழைய முகவரி, கடையில் துப்பாக்கி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டெக்சஸில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்பவன் நான். வீடு மாறியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சொல்வது பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். உங்கள் மாநிலம் இதற்கு மேலும் கேட்கலாம்.

அண்ணா, ஐர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்குப் போன மாதம்தான் வந்தோம். டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரி. எலெக்ட்ரிக் பில்லும் வாடகை ஒப்பந்தமும் காட்டியும் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். லைசென்ஸ்தான் செல்லுபடியாக இருக்கிறதே?

லைசென்ஸ் செல்லும் தம்பி, அதிலுள்ள முகவரிதான் செல்லாது. கடையில் நீங்கள் நிரப்பும் 4473 படிவம் நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கிறது. பெயர், பிறந்த தேதி, புகைப்படம், இப்போதைய வீட்டு முகவரி, இந்த நான்கையும் அரசு கொடுத்த ஆவணத்தில் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் விற்க வேண்டும். நான்கும் ஒரே அட்டையில் இருக்க வேண்டியதில்லை என்று, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப் 2001-லேயே தெளிவாக்கிவிட்டது. லைசென்ஸில் மூன்று கிடைக்கிறது, நான்காவதற்கு இன்னொரு அரசு ஆவணம் போதும்.

எலெக்ட்ரிக் பில் தனியார் கம்பெனி தருவது. வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான சமாச்சாரம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதே கதைதான். வாகனப் பதிவு, வாக்காளர் அட்டை, வேட்டை அல்லது மீன்பிடி லைசென்ஸ், வரி பில் ஆகியவை செல்லும்.

சுலபமான வழி கார்தான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகத்தில் கார் பதிவின் முகவரியை மாற்றிவிட்டு, புது முகவரி அச்சான ரசீதைக் கொண்டு வாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் காட்டுபவர்கள் நிறைய. அதில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. ரசீதுதான் வேண்டும்.

எப்படியும் டெக்சஸில் வீடு மாறினால் 30 நாளுக்குள் லைசென்ஸில் முகவரி மாற்ற வேண்டும். அதையும் முடித்துவிடுங்கள்.

பழைய முகவரியையே எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கவுண்டரில் சத்தமாகக் கேட்டால், அன்றைக்கு உங்களுக்கு விற்பனை கிடையாது. படிவத்தில் எழுதியது உண்மை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் மத்திய அரசுக் குற்றம், குற்றப்பிரிவைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டுக்காரர் என்றால் நாடு கடத்தும் ஆபத்தும் கூடவே வரும். படிவமும் எங்கேயும் போகாது. 2022 ஆகஸ்ட் முதல், கடை இருக்கும்வரை அதைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஒரு ரசீது வாங்கச் சோம்பல்பட்டு இந்த வம்பை யாராவது விலைக்கு வாங்குவார்களா?

காரெல்லாம் என் கணவர் பெயரில். லைசென்ஸ் மட்டும்தான் என் பெயரில், அதிலும் பழைய வீடு. நான் என்ன செய்வது?

கணவர் பெயரில் உள்ள ரசீது உங்களுக்கு உதவாதம்மா. ஆவணத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வீடு இருவர் பெயரிலும் இருந்தால், கவுண்டியின் இணையதளத்தில் சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். அரசு இணையதளத்திலிருந்து எடுத்த மின்னாவணமும் செல்லும் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. குடியுரிமை உள்ளவர் என்றால் வாக்காளர் பதிவுச் சான்றிதழ். எதுவும் இல்லையென்றால் மீன்பிடி லைசென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். நான் கிண்டல் செய்யவில்லை, ஏடிஎஃப் சொல்லும் உதாரணங்களில் அதுவும் ஒன்று.

‘சரி, அவரே வாங்கட்டும், நான் காசு தருகிறேன்’ என்று மட்டும் இறங்காதீர்கள். அவர் தன் காசில் வாங்கி உங்களுக்குப் பரிசளிக்கலாம். உங்கள் காசில், உங்களுக்காக, தன் பெயரில் வாங்கினால் அது வேறொருவருக்காக ஆள்மாறி வாங்குவது. சட்டம் அதைக் கடுமையாகவே பார்க்கிறது.

குடும்பம் நியூஜெர்சியில், வேலை டல்லாஸில். வாரநாட்களில் இங்கே அபார்ட்மென்ட், வார இறுதியில் அங்கே. எந்த முகவரியை எழுதுவது?

இரண்டு இடத்திலும் உண்மையாகவே குடியிருக்கிறீர்கள் என்றால், டெக்சஸ் வீட்டில் இருக்கும் நாட்களில் டெக்சஸ்வாசி, ஜெர்சி வீட்டில் இருக்கும்போது ஜெர்சிவாசி. விதிகளிலேயே இப்படி ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கே வாங்கும்போது டல்லாஸ் முகவரியை எழுதுங்கள், அதற்கு அரசு ஆவணமும் காட்டுங்கள்.

கைத்துப்பாக்கிக்கு இது ரொம்ப முக்கியம். வேறு மாநிலத்துக்காரருக்குக் கைத்துப்பாக்கியைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. ரைஃபிள், ஷாட்கன் என்றால் இரு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால் விற்கலாம். வெளிமாநில லைசென்ஸோடு உள்ளூர் ஆவணத்தைச் சேர்த்துக் காட்டுவதைச் சில கடைகள் ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹோட்டலில் ஒரு வாரம் தங்கினால் குடியிருப்பு ஆகிவிடாது. தபால் பெட்டி எண்ணும் கூடாது. வெளிமாநிலக் கல்லூரி மாணவர் தன் விடுதி முகவரியைக் கொடுக்கலாம்.

எச்-1பி-யில் இருக்கிறேன். புது வீட்டுக்கான ஆவணங்கள் எல்லாம் பக்காவாக இருக்கின்றன. வாங்கலாமா சார்?

உங்களுக்கு முகவரி இரண்டாவது பிரச்சினை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பதுதான் பொது விதி. விலக்குகளில் நம்மவர்களுக்குப் பயன்படக்கூடியது, அமெரிக்காவில் வாங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. டெக்சஸில் வேட்டை லைசென்ஸ் ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். ஜூலையில் லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கிவிட்டு, செப்டம்பரில் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். வாங்கிய நாளோடு முடிகிற விஷயமில்லை இது. விசா விவகாரம் என்பதால் கடைக்கு வருமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கவுண்டர்காரன் சொன்னான் என்று போகாதீர்கள், நான் உட்பட.

கிரீன் கார்டு மட்டும் காட்டினால் போதாதா?

போதாது, அதில் வீட்டு முகவரியே கிடையாது. லைசென்ஸும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். முன்பு 90 நாள் அந்த மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2012-இல் எடுத்துவிட்டார்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டியது தனிக் கடமை, அதைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் எலெக்ட்ரிக் பில்லை ஏற்கிறார்களாமே?

பாதி உண்மை. அங்கே கைத்துப்பாக்கி வாங்க, மாநிலத்தில் குடியிருப்பதற்குத் தனி அத்தாட்சி கேட்பார்கள். அதற்குக் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்த பில் போதும். ஆனால் லைசென்ஸில் முகவரி பழையது என்றால், மத்திய அரசு விதிக்கு அரசு ஆவணமே வேண்டும். கார் பதிவு கொண்டு போனால் இரண்டுக்கும் ஆகும். இலினாய் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே எஃப்ஓஐடி அட்டை (துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் தரும் அடையாள அட்டை) வைத்திருப்பவர் வீடு மாறினால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

என் பெயர் லைசென்ஸில் அப்பா பெயரோடு முழுசாக இருக்கிறது, கார் ரசீதில் வெறும் இனிஷியல். சிக்கல் வருமா?

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி. படிவத்தில் சட்டப்படியான முழுப் பெயரை எழுத வேண்டும். சட்டப்படியே உங்களுக்கு எழுத்து மட்டும்தான் என்றால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ‘என்எம்என்’ என்றும் ஆங்கில எழுத்தில் குறிக்க வேண்டும். உங்களுக்கு முழுப் பெயர் இருப்பதால் அதையே எழுதுங்கள். ரசீதில் இனிஷியல் மட்டும் இருப்பதைச் சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் நோண்டுவார்கள். முகவரி மாற்றத்துக்குப் போகும்போதே பெயரையும் லைசென்ஸில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள்.