ரிங்குக்கு அடியில் நிற்கும் பையன் – கடிதமும் பதிலும்

வணக்கங்க சார்,

நாங்கள் சோமனூர் பக்கம். தறி ஓட்டுகிறோம். என் மகனுக்கு 15 வயது, பத்தாவது போகிறான். உயரம் ஆறடி நாலங்குலம், இன்னும் வளர்கிறான். எங்கள் இரண்டு பேர் வகையறாவிலும் இப்படி யாரும் வளர்ந்ததில்லை. எட்டாவது படிக்கும்போது பி.டி. மாஸ்டர் பார்த்து பாஸ்கெட்பாலில் சேர்த்துவிட்டார். இப்போது சனி, ஞாயிறு கோயமுத்தூரில் ஒரு கோச்சிடம் போகிறான். அவர் "நீ சென்டர்" என்று சொல்லி ரிங்குக்கு அடியிலேயே நிறுத்திவிட்டார். மைக்கன் என்று ஒரு பயிற்சி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓயாமல் போட வேண்டுமாம். "மத்த பசங்க எல்லாம் தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் போடறாங்க, எனக்குப் பந்தே வர்றதில்ல, இடி வாங்கறதுதான் என் வேலை" என்று வந்து அழுகிறான். கண்ணாடி வேறு போட்டிருக்கிறான், ஆட்டத்தில் உடைத்துக்கொண்டு வருகிறான். சொந்தக்காரர்கள் "தேங்காய் போட ஆள் தேட வேண்டாம்" என்று கேலி. அவங்க அப்பா, படிப்பு கெடும், நிறுத்து என்கிறார். நீங்கள் காலேஜில் பாஸ்கெட்பால் ஆடியதாக எழுதியிருந்தீர்கள். யாருங்க சார் அந்த மைக்கன்? உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தன் பிழைக்க முடியுமா? விளையாட்டு விடுதியில் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மைக்கன். ஜார்ஜ் மைக்கன் என்பது ஆளின் பெயர். உங்கள் பையனைப் போலவே கண்ணாடிக்காரர், அதுவும் சோடாபுட்டிக் கண்ணாடி. இவர் கதையைக் கேட்டால் பையன் அந்தப் பயிற்சியைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைப்பான் என்று நினைக்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

1924-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஜோலியெட் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் முழங்கால் மோசமாக உடைந்து ஒன்றரை வருடம் படுத்த படுக்கை. பாதிரியார் ஆகும் எண்ணத்தில் அதற்கான பள்ளியில் படித்தவர். 1942-ல் சிகாகோவில் உள்ள டீபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது உயரம் ஆறடி பத்தங்குலம். அந்தக் காலத்தில் பாஸ்கெட்பாலில் நெட்டையர்களுக்கு மதிப்பு கிடையாது. ஓடத் தெரியாது, திரும்பத் தெரியாது, தன் காலிலேயே தடுக்கி விழுவான் என்பதுதான் பேச்சு. நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் கோச் இவர் ஆடியதைப் பார்த்துவிட்டு, டீபாலுக்கே திரும்பிப் போய் ஒழுங்காகப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்!

டீபாலில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ரே மேயர் என்ற இளம் கோச் மட்டும் வேறு மாதிரி நினைத்தார். இவனை ஓட விடுவதற்கு முன் நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொடுப்போம் என்று, கயிறு தாண்ட வைத்தார், குத்துச்சண்டைக்காரர்கள் செய்வதுபோல் காற்றில் குத்து விட வைத்தார், நடனம் கற்றுக்கொள்ளக்கூட அனுப்பினார். பிறகு ரிங்குக்கு அடியில் நிறுத்தி வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று. உங்கள் பையன் வந்து அழுகிற பயிற்சி அதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். வலப்பக்கம் நின்று வலக்கையால் போர்டில் தட்டிப் போட வேண்டும். வலையிலிருந்து விழும் பந்தைத் தரை தொடும் முன் பிடித்து, ஓர் எட்டு இடப்பக்கம் வைத்து இடக்கையால் போட வேண்டும். முக்கியமான சங்கதி, பந்து மார்புக்குக் கீழே இறங்கவே கூடாது. நெட்டைப் பையன்கள் எல்லாரும் பந்து கையில் வந்ததும் இடுப்புக்கு இறக்கிவிட்டுத்தான் குதிப்பார்கள். ஐந்தரை அடிப் பையன் ஒருவன் அதைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். ஆறடி நாலங்குலம் அந்த ஒரு நொடியில் ஐந்தரை அடியாகிவிடுகிறது. இன்னொன்று, இடக்கை. வலக்கைக்காரனுக்கு இடக்கை பழகப் பழகத்தான் வரும், அதற்கு வேறு வழி எதையும் நான் பார்த்ததில்லை.

மைக்கனுக்கு அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1945-ல் ஒரு முக்கியமான போட்டியின் அரையிறுதியில் டீபால் 97, ரோட் ஐலண்ட் அணி 53. மைக்கன் ஒருவர் மட்டும் போட்டது 53. எதிரணி மொத்தமும் சேர்ந்து போட்ட அளவு! அப்புறம் தொழில்முறை ஆட்டம். 1947-லிருந்து 1954-க்குள் ஏழு சாம்பியன் பட்டங்கள். முதலாவது சிகாகோ அணியோடு, மீதி ஆறும் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியோடு. அந்த லேக்கர்ஸ்தான் பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோனது. 1949-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசலில் அன்றைய ஆட்டத்துக்கு வைத்த விளக்குப் பலகையில் லேக்கர்ஸ் பெயரே இல்லை. 'மைக்கன் – நிக்ஸ்' என்றுதான் போட்டிருந்தார்கள். நிக்ஸ் என்பது நியூயார்க் அணி. ஒற்றை ஆளுக்கும் ஓர் அணிக்கும் ஆட்டம்.

இவரைச் சமாளிக்க முடியாமல் சட்டங்களையே மாற்றினார்கள். ரிங்கை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டக் கூடாது என்ற விதி இவரையும் இவர் காலத்து இன்னொரு நெட்டையரான பாப் கர்லாண்டையும் பார்த்து வந்தது. ரிங்குக்கு முன்னால் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத கட்டம் ஆறடி அகலமாக இருந்தது. 1951-ல் அதைப் பன்னிரண்டு அடியாக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி இன்னொரு தந்திரம் செய்தது. பந்தை மைக்கன் பக்கம் விட்டால்தானே என்று, தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். ஆட்டம் 19-18 என்று முடிந்து லேக்கர்ஸ் தோற்றது. அந்தப் பதினெட்டிலும் பதினைந்து மைக்கனுடையது. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு யார் காசு கொடுத்து வருவார்கள்? பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற கடிகாரம் 1954-ல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிப் பையனிடம் அவசியம் சொல்ல வேண்டிய பகுதி. 1967-ல் அமெரிக்காவில் ஏபிஏ என்று ஒரு புது லீக் ஆரம்பித்தார்கள். அதன் முதல் கமிஷனர் மைக்கன். டிவியில் நன்றாகத் தெரியட்டும் என்று சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்தைக் கொண்டுவந்தார். அதோடு, முன்பு ஒரு லீக்கில் கொஞ்ச காலம் இருந்து காணாமல் போயிருந்த மூன்று பாயிண்ட் கோட்டையும் எடுத்துப் போட்டார்கள். 1979-ல் அமெரிக்காவின் முதன்மை லீகான என்பிஏ அதை எடுத்துக்கொண்டது, 1984-ல் உலகம் முழுவதற்கும் வந்தது. ஆக, உங்கள் பையன் ஆசையோடு பார்க்கும் அந்தக் கோடு நிலைத்ததில், அவன் வெறுக்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த மனிதருக்குப் பங்கு உண்டு.

இடி வாங்குகிறான் என்கிறீர்கள். வாங்கத்தான் செய்வான். ஷாட் போனதும் எதிராளியை முதுகால் தள்ளி வெளியே வைத்துக்கொண்டு ரீபவுண்டுக்கு, அதாவது உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதற்கு, இடம் பிடிக்க வேண்டும். காந்திபுரத்தில் கடைசி பஸ் வந்து நிற்கும்போது படிக்கட்டுப் பக்கம் இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். சக ஆட்டக்காரனுக்கு வழிவிட நடுவில் மறித்து நிற்க வேண்டும், அங்கேயும் இடி. இதெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் வராது. பில் ரஸ்ஸல் என்ற சென்டர் பாஸ்டன் அணிக்காக 13 சீசன் ஆடி 11 பட்டம் வாங்கினார். சராசரியாக ஆட்டத்துக்கு அவர் போட்டது 15 பாயிண்ட்தான், பிடித்த ரீபவுண்ட் 22-க்கு மேல். எதிராளியின் ஷாட்டைத் தட்டும்போது கைதட்டலுக்காக கேலரிக்கு அடிக்க மாட்டார், தன் அணிக்காரன் கையில் விழும்படி தட்டுவார்.

ஆனால் பந்தே வரவில்லை என்ற புகாரில் நான் பையன் பக்கம். கோச்சைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் இதை அவரிடம் பேச வேண்டியது அவசியம். பள்ளி அணியில் ஆறடி நாலங்குலம் சென்டராக இருக்கலாம். உலக அளவில் அது கார்டு ஆடுகிறவர்களின், அதாவது வெளியே நின்று பந்தை ஓட்டி ஆடுகிறவர்களின் உயரம். தூரத்திலிருந்து போடுவதில் பேர்பெற்ற ஸ்டீபன் கரியே ஆறடி இரண்டங்குலம். இவன் வளர்ச்சி ஆறடி ஐந்தில் நின்றுவிட்டால், ரிங்குக்கு அடியில் மட்டுமே ஆடத் தெரிந்த பையன் இருபது வயதில் எங்கே போவான்? மாறாக இன்னும் வளர்ந்தால், பந்தைத் தட்டி ஓட்டவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்த சென்டருக்குத்தான் இன்றைக்கு மவுசு. ஆந்தனி டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடிக்கொண்டிருந்தபோது எட்டங்குலம் போல வளர்ந்துவிட்டார். கார்டின் கை அப்படியே இருக்க, உயரம் மட்டும் சென்டருடையது ஆனது. செர்பியாக்காரர் நிகோலா யோகிச்சை 2014 டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், 41-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். பெரிதாகக் குதிக்கவும் மாட்டார், ஓடவும் மாட்டார். பாஸ் கொடுத்தே மூன்று முறை என்பிஏயின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், 2023-ல் டென்வருக்குப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். ஆகவே மைக்கன் பயிற்சி இருக்கட்டும், அது முடிந்ததும் பையனுக்கு டிரிபிளிங்கும் வெளியிலிருந்து ஷூட்டிங்கும் கட்டாயம் கொடுங்கள் என்று கோச்சிடம் கேளுங்கள். நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிழைக்க முடியுமா என்றால், அமெரிக்கக் கனவை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குலம். 2010-ல் ஃபுளோரிடாவில் ஓர் அகாடமிக்குப் போனார், 2015-ல் டல்லாஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். நாடே கொண்டாடியது. ஆனால் என்பிஏயில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ்நிலை லீக், கனடா என்று சுற்றிவிட்டு இப்போது மல்யுத்த மேடையில் இருக்கிறார். ஏழடி இரண்டுக்கே இந்த நிலை.

நம் ஊரில் பாஸ்கெட்பால் சோறு போடுவது வேறு வழியில். கோயமுத்தூரில் நடக்கும் பி.எஸ்.ஜி. டிராபிக்கோ நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கோ ஒரு சாயங்காலம் பையனையும் அவங்க அப்பாவையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆட வருகிற அணிகளின் பெயரை அப்பா கவனிக்கட்டும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, ராணுவம், கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே சம்பளக்காரர்கள். கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ், ஆறடி இரண்டங்குலம், சென்டர். ஆஸ்திரேலியாவில் ஆடினார், 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகள் தேர்வுக்குக் கூப்பிட்டன. அவருக்கு வேலை தெற்கு ரயில்வேயில். இந்த வேலைகளுக்கும், விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி சீட்டுக்கும் மார்க் ஷீட் வேண்டும் என்பதைப் பையனுக்கும் புரிய வையுங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மைக்கனுக்கு ஆட்டக் காலத்தில் பத்து இடத்தில் எலும்பு உடைந்தது, 1954-ல் ஓய்வு அறிவித்தார். கடைசியில் சர்க்கரை நோயில் 2000-ல் ஒரு காலை எடுத்தார்கள். ஓய்வூதியம் மாதம் 1,700 டாலர், பழைய ஆட்டக்காரர்களுக்கு அதைக் கூட்டச் சொல்லிப் போராடிக்கொண்டே 2005-ல் இறந்தார். ஈமச் செலவை ஷகீல் ஓ'நீல் ஏற்றுக்கொண்டார், அவரும் சென்டர்தான். சீனாவின் யாவ் மிங் ஏழடி ஆறங்குலம், பாத எலும்பு திரும்பத் திரும்ப முறிந்து 30 வயதில் விலகினார். பையனுக்குக் காலிலோ முழங்காலிலோ வலி என்றால் வளர்கிற வயசு என்று விட்டுவிடாதீர்கள். ஷூவில் சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்று, பயப்படாமல் கேளுங்கள். வீட்டில் யாரும் உயரமில்லை, பையன் மட்டும் நெட்டை, கிட்டப்பார்வையும் இருக்கிறது என்றால், ஒருமுறை இதய டாக்டரிடம் காட்டி எக்கோ எடுத்துவிடுவது நல்லது. மார்ஃபன் என்று ஒரு மரபணுக் கோளாறு உண்டு. நீளமான கைகால், விரல், கண் கோளாறு, கூடவே இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் பலவீனமாக இருக்கும். வீட்டில் யாருக்கும் இல்லாமலே வரலாம். 2014-ல் ஐசயா ஆஸ்டின் என்ற சென்டருக்கு என்பிஏ டிராஃப்டுக்குச் சில நாள் முன்னால்தான் இது தெரிந்தது. பெரும்பாலான உயரப் பையன்களுக்கு ஒன்றும் இருக்காது. பார்த்துவிட்டால் நிம்மதியாக ஆடலாம். கண்ணாடிக்கு, பின்னால் பட்டை வைத்த விளையாட்டுக் கண்ணாடி கிடைக்கிறது. கரீம் அப்துல் ஜபார் அதைப் போட்டுக்கொண்டுதான் என்பிஏயின் அன்றைய அதிக பாயிண்ட் சாதனையைப் பிடித்தார்.

விளையாட்டு விடுதிக்கு இந்த வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. பத்தாவது பொதுத்தேர்வை வீட்டிலிருந்து எழுதட்டும், சனி ஞாயிறு பயிற்சி தொடரட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வு நடத்துவார்கள், பதினொன்றாவதுக்கு முயலலாம். அதற்குள் எவ்வளவு வளர்கிறான் என்பதும் தெரிந்துவிடும். அங்கே போனால் எந்த இடத்தில் ஆட வைப்பார்கள் என்று சேர்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். எக்கோ எடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.