நெய்து பார்ப்போம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் வீட்டிலேயே டைலரிங் செய்கிறேன். நெசவும் பழக ஆசை. மேஜைமேல் வைத்து நெய்யும் சின்னத் தறி ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். விலை பல ஆயிரம் ரூபாய். வாங்கலாமா? வீட்டில் இடமும் கம்மி. (வாசகி, காரிமங்கலம்)

பதில்: இப்போது வாங்காதீர்கள் அம்மா. கை பழகிய பிறகு, என்ன நெய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். அதுவரைக்கும் ஒரு மரச்சட்டம் போதும். தச்சரிடம் சொல்லி ஒன்றரை அடி அகலம், இரண்டடி நீளத்தில் அடித்து வாங்குங்கள். மேல்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் அங்குலத்துக்கு 4 ஆணி. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தால் கட்டை பிளந்துவிடும், முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் சாய்த்து நெய்துவிட்டு, முடிந்ததும் பீரோவுக்குப் பின்னால் செருகி வைக்கலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஊடைக்கு, அதாவது குறுக்கே கோக்கும் இழைக்கு, என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பாவைப் பற்றி, அதாவது சட்டத்தில் நெடுக்காக இழுத்துக் கட்டும் இழைகளைப் பற்றி, கேட்கச் சொல்வேன். எனக்கு நெசவு பழக்கிய பெரியம்மா, பாவு போட்டு முடித்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை மெதுவாக அழுத்திப் பார்ப்பார். எங்காவது ஒரு இழை தொய்வாகப் பட்டால் அங்கிருந்து அவிழ்த்து மறுபடி போடச் சொல்வார். தொய்ந்த இடத்தில் துணி குமிழ் விடும், அதிகம் இறுகிய இழை பாதியில் அறுந்துபோகும். ஊடை தப்பினால் இரண்டு வரிசை பிரித்துச் சரி செய்யலாம். பாவு தப்பினால் முழுத்துணியும் போச்சு. அதனால் முதல் வாரம் பாவு போடுவது, அவிழ்ப்பது, மறுபடி போடுவது என்றே போகட்டும்.

பாவை மேலாணி, கீழாணி என்று மாறி மாறிச் சுற்றினால் அங்குலத்துக்கு 8 இழை விழும். உங்கள் நூல் அதற்குப் பொருந்துமா என்று பார்க்க ஸ்கேல் ஒன்று போதும். அதில் ஒரு அங்குலத்துக்கு நூலை இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். 16 சுற்று வந்தால் சரியான கனம். ஊடை ஒரு இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாகப் போகும் சாதா நெசவில் இரண்டு பாவு இழைக்கு நடுவே ஊடை நுழைய அதே அளவு இடம் வேண்டும் அல்லவா, அதனால் சுற்றின் எண்ணிக்கையில் பாதிதான் பாவு. நாளைக்கு எந்தத் தறி வாங்கினாலும் இந்தக் கணக்கு கூடவே வரும். கடையில் 2/20, 2/40 என்று சொல்வார்கள். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுதான் ஒற்றை இழையின் நம்பர். 2/20 என்றால் அப்படி இரண்டு 20-ஆம் நம்பர் இழைகளைச் சேர்த்து முறுக்கியது. உங்கள் சட்டத்துக்கு அதுவும் மெல்லிசுதான், பல இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள்.

ஊடைக்குக் காசே வேண்டாம், நீங்கள்தான் டைலர் ஆயிற்றே! பருத்தி வெட்டுத்துணியை அரை அங்குலப் பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு நான்கு அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம். ஊடையை நேராக இழுத்து வைக்காமல் வில்லாக வளைத்து வைத்து, அப்புறம் பெரிய பல் சீப்பால் தட்டுங்கள். ஊடை ஏறி இறங்கிப் போவதால் அகலத்தைவிடக் கூடுதல் நீளம் கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் ஓரம் இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பட்டுப்புழு வளர்க்கிறோம். தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோகும் முன் இரட்டைக்கூடு, ஓட்டைக்கூடு எல்லாம் கழித்துவிடுகிறோம். அதை வீட்டில் நூலாக்க முடியுமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: தாராளமாக முடியும். கீழே மட்டும் போடாதீர்கள் தம்பி. நல்ல கூட்டில் இழை அறுபடாமல் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும், அதனால் அதை இழுத்தே நூலாக்குகிறார்கள். இரட்டைக்கூட்டில் இரண்டு புழுக்களின் இழை பின்னிக் கிடக்கும், ஓட்டைக்கூட்டில் இழை துண்டு துண்டாக இருக்கும். வீட்டில் இரண்டையும் பஞ்சு போல நூற்பதுதான் சுலபம்.

பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பசை. அதைக் கரைக்க, 100 கிராம் கூட்டுக்கு 3 லிட்டர் தண்ணீர், 25 கிராம் சீவிய சோப்பு, ஒரு சிறு கரண்டி சலவைச் சோடா. எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். சோடாவைக் கூட்டினால் பட்டின் பளபளப்பு போய்விடும். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகி இழையில் ஒட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வெந்த கூட்டை விரலால் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கைக்குட்டை அளவு சட்டத்தில் நான்கு மூலைக்கும் இழுத்து மாட்டுங்கள். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. காய்ந்ததும் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து, நடுவில் ஓட்டை போட்டு வளையமாக இழுத்து, கையால் சுழற்றி நூற்கும் தக்ளியில் நூற்கலாம். கை சொரசொரப்பாக இருந்தால் இழை தோலில் மாட்டும். முந்தின இரவே கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். முதலில் நூற்கும் நூல் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிவாகவும் வரும். அதை ஊடைக்கு வையுங்கள், பாவில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: வேலியில் ரயில் கற்றாழை நிறைய நிற்கிறது. நார் எடுத்தால் கை அரிக்கிறதே? (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: அதன் சாற்றில் ஊசி ஊசியான நுண்படிகங்கள் உண்டு, தோலில் குத்தி அரிப்பு எடுக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். ஊறப்போட்டால் நாற்றம் தாங்காது, ஆடு மாடு குடிக்கிற தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். கிடைக்கும் நார் கயிறு, பை, மிதியடிக்கு அருமையானது. உடுத்தும் துணிக்கு ஆகாது.

கேள்வி: எங்கள் தாத்தா கம்பளி நெய்தவர். நாங்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. இனி ஆரம்பிக்க முடியுமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவசியம் ஆரம்பியுங்கள். முதலில் ஆடு எது என்று பாருங்கள். நம் பக்கம் அதிகம் பார்க்கிற மேச்சேரி ஆட்டில் கம்பளி மயிர் இல்லை. திருச்சி கருங்குறும்பையில் உண்டு, ஆனால் முரட்டு மயிர். அந்த நூலைப் பாவாகப் போட்டால் பிசிறடித்து ஒன்றோடொன்று சிக்கும், அதனால் கஞ்சி போட்டே ஆக வேண்டும். கம்பளிக்குப் புளியங்கொட்டைக் கஞ்சிதான் வழக்கம். கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்சிப் பாவில் தடவிக் காய வைப்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு புளியங்கொட்டைக்கு அலைய வேண்டியதில்லை.

கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை நான் எழுதி நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. தாத்தாவோடு நெய்தவர் யாராவது ஊரில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் கையாலேயே கலக்கச் சொல்லி, நீங்களும் தொட்டுப் பாருங்கள். பரணில் தாத்தாவின் தறிச் சாமான் கிடந்தால் விறகுக்குப் போடாமல் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கட்டை எதற்கு என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.