தொலைவுச் சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை ஏன் தப்பாக வருகிறது?

தளத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவுக்குச் சூத்திரம் (எக்ஸ்களையும் ஒய்களையும் தனித்தனியே கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது) தெரியும், போட்டால் மட்டும் தப்பாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தப் பாடம் வந்தாலே நான் முதலில் சொல்வது: சூத்திரத்தை ஓரமாக வையுங்கள், கிராஃப் தாளை எடுங்கள்.

ஒரு புள்ளி (−3, 2), இன்னொன்று (5, −4) என்று வைத்துக்கொள்வோம். முதல் புள்ளியிலிருந்து வலப்பக்கமாகப் படுக்கைக்கோடு ஒன்றை இழுத்து, இரண்டாம் புள்ளிக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து நேராகக் கீழே இறங்குங்கள். விரல் வைத்துக் கட்டங்களை எண்ணினால் படுக்கையில் 8, செங்குத்தில் 6. செங்கோண முக்கோணம் வந்துவிட்டது, நீங்கள் தேடும் தொலைவு அதன் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். 8இன் வர்க்கம் 64ம் 6இன் வர்க்கம் 36ம் சேர்ந்து 100, வர்க்கமூலம் 10. கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப் பிடித்து மூலைமட்டம் பார்ப்பாரே, அதே முக்கோணம்தான், இரண்டு மடங்காக.

சரி, தப்பு எங்கே? பெரும்பாலும் கழித்தல் குறியில். 5 − (−3) என்று எழுத வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு 5 − 3 என்று எழுதி 2 வாங்கிவிடுகிறார்கள். கிராஃபில் 8 கட்டம் எண்ணின பிள்ளைக்கு இந்தத் தப்பு வரவே வராது. அப்புறம் கால்குலேட்டர். ஒய் பக்கம் −4 − 2 = −6; அதை அடைப்புக்குறி இல்லாமல் −6² என்று அடித்தால் பல கால்குலேட்டர்கள் −36 காட்டும், 64இலிருந்து 36 போய் 28, வர்க்கமூலம் 5.29. என்னிடம் படித்த ஒரு பையன் இதையே விடையாக எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். கர்ணம் எப்படி 8ஐவிடச் சின்னதாக இருக்கும்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு கணக்கிலும் கேளுங்கள். விடை பெரிய பக்கத்தைவிட அதிகமாகவும், இரண்டு பக்கங்களின் கூடுதலைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும், இங்கே 8க்கும் 14க்கும் நடுவில். சிலர் 64, 36 இரண்டுக்கும் தனித்தனியாக மூலம் எடுத்து 14 என்பார்கள். அது வளைந்து போகிற வழியின் நீளம், குறுக்குவழியுடையது இல்லை.

எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது என்று குழம்ப வேண்டாம், வர்க்கப்படுத்தினால் குறி போய்விடும்.

(2, −1), (−4, 3) இரண்டையும் போட்டுப் பாருங்கள். 2√13 வரும், ஏறக்குறைய 7.2.